சிகாகோ நகரின் கேளிக்கை அரங்கம் மூடப்பட்டது ஏன்?

ஒரு தொழில் நிலையம் திறக்கப்படும்போது ஊர் முழுவதும் அதைப் பற்றிப் பேசுகிறது. தோரணத்துக்கும் விளக்குக்கும் பத்திரிகைப் படங்களுக்கும் குறைவிருப்பதில்லை. அதே நிலையம் மூடப்படும்போது கதவில் ஓர் அறிவிப்புத் தாள் ஒட்டப்படுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது. ஏன் மூடினார்கள் என்று கேட்பவர் சிலர். கேட்டபின் விடையைத் தேடுபவர் மிகச் சிலர். சங்கங்களின் கணக்குகளைப் பரிசீலிக்கும் தொழிலில் உள்ள நமக்கோ, செழித்த நிலையத்தின் வரலாற்றைக் காட்டிலும் நொடித்த நிலையத்தின் வரலாறே மிகுந்த பயன் தருவதாகத் தோன்றுகிறது.

அவ்வாறு ஆராய்வதற்கு ஏற்ற ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிகாகோ நகரில் இருந்த ‘டிஸ்னிகுவெஸ்ட்’ என்னும் கேளிக்கை அரங்கமாகும். 1999-ம் ஆண்டு ஜூன் 16-ம் தேதி அது திறக்கப்பட்டது. 2001-ம் ஆண்டு செப்டம்பர் 4-ம் தேதி மூடப்பட்டது. அதன் ஆயுள் இரண்டு ஆண்டும் இரண்டரை மாதமுமே. நடத்தியவர்கள் தொழில் அறியாதவர்கள் என்று சொல்வதற்கில்லை. 1955-ம் ஆண்டு முதல் பெரும் பூங்காக்களை நடத்திவரும் வால்ட் டிஸ்னி கம்பெனியார் அவர்கள். மூலதனத்துக்கோ அனுபவத்துக்கோ அவர்களிடம் பஞ்சமில்லை. அவர்களுடைய பெயரை அறியாத குழந்தையும் அந்நாட்டில் இல்லை. இவ்வளவும் இருந்தும் அரங்கம் ஏன் நிலைக்கவில்லை?

இக்கேள்விக்கு விடை காண்பதற்கு வாய்ப்பான ஒரு செய்தி உண்டு. இதே பெயரில், இதே வகை இயந்திரங்களுடன், ஐந்து தளங்கள் கொண்ட மற்றோர் அரங்கத்தை அக்கம்பெனியார் ஓராண்டு முன்னரே, 1998-ம் ஆண்டு ஜூன் 19-ம் தேதி, புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவில் திறந்திருந்தனர். அது 2017-ம் ஆண்டு ஜூலை வரையில், பத்தொன்பது ஆண்டுகள் நடைபெற்றது. ஒரே விதையை இருவேறு நிலங்களில் விதைத்து, ஒன்று விளைந்து மற்றொன்று கருகினால், விதையை மட்டும் குறை கூறுவது விவசாயி செய்யும் காரியமன்று. அவன் மண்ணையும் நீரையும் பருவத்தையும் பார்ப்பான். நாமும் அவ்வழியே செல்வோம்.

அரங்கத்தின் அமைப்பு

முதலில் இவ்வரங்கம் எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். கேளிக்கைப் பூங்கா என்றவுடன் பரந்த வெளியும், சுழலும் இராட்டினமும், நீரில் செல்லும் படகும் நம் நினைவுக்கு வரும். டிஸ்னிகுவெஸ்டில் இவையெல்லாம் நகரின் நடுவே, ஒரே கட்டடத்துக்குள், கூரையின் கீழ் அடக்கப்பட்டன. வெளியில் பனி பெய்தாலும் வெயில் எரித்தாலும் உள்ளே ஆட்டம் நிற்காது. வருபவர்கள் வெறுமே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகாமல், தாமே கைகொண்டு இயக்கி ஆட வேண்டும் என்பது அதன் தனிச் சிறப்பாகக் கூறப்பட்டது.

உதாரணமாக, ‘சைபர்ஸ்பேஸ் மவுண்டன்’ என்ற ஆட்டத்தில் இருவர் சேர்ந்து, ஏறி இறங்கிக் கவிழ்ந்து ஓடும் ரோலர் கோஸ்டர் தடம் ஒன்றைத் திரையில் தாமே வகுத்துக்கொள்வர். பின்னர் ஒரு கூண்டில் அமர, அது அவர்கள் வகுத்த தடத்துக்கேற்பப் புரண்டு சுழலும். மற்றோர் ஆட்டத்தில் நால்வர் காற்றடைத்த தெப்பத்தில் ஏறி, பெரிய திரையில் தோன்றும் ஆற்று வெள்ளத்துக்கேற்பத் துடுப்புப் போடுவர். துடுப்பின் அசைவைக் கணிப்பொறி உணர்ந்து தெப்பத்தின் போக்கைத் திரையில் மாற்றும். வேறோர் இடத்தில் தலையில் கவசம் போன்ற கருவியை மாட்டிக்கொண்டால், கண்முன் ஒரு மாய நகரம் விரியும். அலாவுதீனின் பறக்கும் கம்பளத்தில் அதனூடே செல்வதாக ஆடுபவருக்குத் தோன்றும். இவை தவிர நாணயம் போட்டு ஆடும் வகையைச் சேர்ந்த விடியோ விளையாட்டு இயந்திரங்கள் தளந்தோறும் நிறைந்திருந்தன.

1990-களின் நடுவில் இவை புதுமையிலும் புதுமை. தலையில் மாட்டும் கருவியைச் சாதாரண மக்கள் கண்ணால் கண்டதே அரிது. இத்தகைய அரங்கங்களைப் பெருநகரங்கள் தோறும் அமைப்பதற்கென்றே டிஸ்னி கம்பெனியார் 1996-ம் ஆண்டில் ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தினர். புளோரிடாவுக்குப் பயணம் செய்ய இயலாத குடும்பத்தாருக்கு அவர்களுடைய ஊருக்கே பூங்காவைக் கொண்டு செல்வது என்பது நோக்கம். சிகாகோவுக்கு அடுத்தபடியாக பிலடெல்பியா நகரிலும் பணி தொடங்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் நோக்கம் வரவு செலவுத் திட்டமாகிவிடாது.

முன்னரே கிடைத்த இரண்டு எச்சரிக்கைகள்

இம்முயற்சிக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சிகாகோவை அடுத்த போலிங்புரூக் என்னும் ஊரில் 1975-ம் ஆண்டிலேயே ‘ஓல்டு சிகாகோ’ என்ற பெயரில் ஒரு கேளிக்கைப் பூங்கா கூரையின் கீழ் அமைக்கப்பட்டது. நடுவே இராட்டினங்களும் வண்டிகளும், சுற்றிலும் கடை வீதியும் கொண்டது அது. கட்டி முடிப்பதற்குள் செலவு மதிப்பீட்டை வெகுவாக மீறிவிட்டது. திறந்தபோது கூட்டம் அலைமோதியது. ஆனால் பார்த்துவிட்டுச் சென்றவர்கள் மீண்டும் மீண்டும் வரவில்லை. மக்களை நாள்தோறும் இழுக்கவல்ல பெரிய பண்டகசாலை எதுவும் அக்கடை வீதியில் இல்லை. 1980-ம் ஆண்டில் அது மூடப்பட்டது. 1986-ல் கட்டடமும் இடிக்கப்பட்டது.

இரண்டாவது எச்சரிக்கை லண்டன் மாநகரிலிருந்து வந்தது. ஜப்பானியக் கம்பெனியான செகா, 1996-ம் ஆண்டு செப்டம்பரில், பிக்காடிலி சர்க்கஸ் என்னும் நகரின் மையப் பகுதியில் டிரோகடெரோ என்ற கட்டடத்தில் ‘செகாவோர்ல்டு’ என்ற அரங்கத்தைத் திறந்தது. அதற்கு ஏறத்தாழ 4½ கோடி பவுன் செலவாயிற்று. 1,10,000 சதுர அடிப் பரப்பு. நெடிய நகரும் படிக்கட்டு ஒன்று வருபவர்களை உச்சித் தளத்துக்கு ஏற்றிச் செல்லும். அங்கிருந்து அவர்கள் தளந்தளமாக ஆடிக்கொண்டே இறங்கி வருவர்.

அங்கு விதிக்கப்பட்ட கட்டணத்தைக் கவனித்தல் வேண்டும். பெரியவருக்கு 12 பவுன்; சிறுவருக்கு 9 பவுன். பெற்றோர் இருவரும் குழந்தைகள் இருவரும் உள்ளே நுழைவதற்கே 42 பவுன் ஆகும். அக்கட்டணத்தில் பெரிய சவாரிகள் அடங்கும். நூற்றுக்கணக்கான விளையாட்டு இயந்திரங்கள் அடங்கா. அவற்றுக்கு வேறாக நாணயம் போடவேண்டும். சவாரிகளோ ஆறேழுதான். ஆகவே நுழைந்தவர்கள் அனைவரும் கொடுத்த பணத்துக்கு ஈடு பெறவேண்டி அந்த ஆறேழு சவாரிகளின் முன்பே வரிசையில் நின்றனர். நின்று அலுத்தவர்கள் வெளியில் வந்து சொன்ன சொல் விளம்பரங்களையெல்லாம் வென்றுவிட்டது. பின்னர் நுழைவுக் கட்டணத்தை 2 பவுனாகக் குறைத்து, சவாரிகளுக்குத் தனித்தனியே பணம் வாங்கினர். அது பயன் தரவில்லை. 1999-ம் ஆண்டில் செகா கம்பெனி அந்த அரங்கை விட்டு விலகியது. அதே ஆண்டில்தான் சிகாகோவில் டிஸ்னிகுவெஸ்ட் திறக்கப்பட்டது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இருக்கையும் நிமிடமும்

கேளிக்கை அரங்கம் விற்கும் சரக்கு எது? மூட்டையில் கட்டி வைக்கக்கூடிய சரக்கு அன்று அது. ஓர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்கும் சில நிமிட நேரமே அதன் சரக்கு. இன்று விற்காத வேட்டியை நாளை விற்கலாம். விழாக் காலத்தில் தள்ளுபடி கொடுத்தேனும் விற்கலாம். இன்று காலியாகக் கிடந்த இருக்கை நிமிடத்தை நாளை விற்க முடியாது. அதுபோலவே, இன்று நெரிசலில் இடம் கிடைக்காமல் திரும்பியவருக்கு நேற்றைய காலி இருக்கையைக் கொடுக்கவும் முடியாது.

இவ்வகை வியாபாரத்தில் மணிக்கு எத்தனை பேரை அமர்த்த முடியும் என்பதே முதற் கணக்கு. டிஸ்னி கம்பெனியாரின் கலிபோர்னியப் பூங்காவில் 1967-ம் ஆண்டு தொடங்கிய கடற்கொள்ளையர் படகுச் சவாரியில் மணிக்கு 2,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல முடியும். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். மக்கள் ஏறுவர், இறங்குவர். ஆளுக்கு ஆகும் செலவு அங்கே மிகச் சிறியது.

இதனோடு இருவர் அமரும் சுழல் கூண்டை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஏறுதல், பட்டை கட்டுதல், ஆடுதல், இறங்குதல் எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரு கூண்டு மணிக்கு 24 பேருக்குத்தான் இடம் தரும். பத்துக் கூண்டுகள் இருந்தாலும் 240 பேர். அரங்கில் 2,000 பேர் இருந்து, ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை அதில் ஏற விரும்பினால், கடைசி ஆள் ஏறுவதற்கு எட்டு மணி நேரத்துக்கு மேலாகிவிடும். தலையில் மாட்டும் கருவிகளுக்கும் இதே கணக்குதான். ஒவ்வொருவருக்கும் அதை மாட்டி, சரிபார்த்து, கழற்றி, துடைத்து, அடுத்தவருக்கு மாட்டுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

தாமே இயக்கி ஆடுதல் என்ற சிறப்பே இவ்வாறு செலவாகவும் தடையாகவும் ஆயிற்று. படகில் நூறு பேருக்கு ஒரே காட்சியைக் காட்டலாம். தானே தடம் வகுத்துத் தானே ஆட விரும்புபவருக்கு, அவருக்கென்றே ஓர் இயந்திரமும் ஒரு பொழுதும் ஒதுக்கவேண்டும். சிறப்பு மிகுந்தோறும் மணிக்கு ஏற்றும் தொகை குறையும். இதைத் தெரிந்து, ஆள் குறைந்தாலும் கட்டணத்தால் ஈடு செய்யலாம் என்று கணக்கிடுவோர் உண்டு. அக்கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அடுத்துக் காண்போம்.

மறுமுறை வருபவர் யார்?

ஆர்லாண்டோவின் நிலை வேறு. அங்கே டிஸ்னி கம்பெனியாருக்கு நான்கு பெரும் பூங்காக்களும் தங்கும் விடுதிகளும் உள்ளன. அவற்றுள் ஒரு பூங்காவுக்கு மட்டும் அக்காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர் வந்தனர். குடும்பத்தோடு வந்து பல நாட்கள் தங்கும் இம்மக்கள் வாரந்தோறும் புதியவர்கள். வந்தவரே மீண்டும் வரவேண்டிய அவசியம் அந்த அரங்குக்கு இல்லை. மேலும், பல நாள் செல்லும் பூங்காச் சீட்டுக்களில் சிலவற்றோடு டிஸ்னிகுவெஸ்டுக்கான அனுமதியும் சேர்த்தே விற்கப்பட்டது. கோடைப் பிற்பகல்களில் இடியும் மழையும் அங்கே வழக்கம். மழைக்கு ஒதுங்க இடம் தேடும் குடும்பம், கையில் உள்ள சீட்டைக் காட்டி உள்ளே வந்துவிடும். அதாவது, ஆர்லாண்டோ அரங்கம் பெரிய ஆற்றின் ஓரத்தில் வெட்டிய சிறு வாய்க்கால். நீரை அது தேட வேண்டியதில்லை.

சிகாகோவில் அந்த ஆறு இல்லை. 2000-ம் ஆண்டின் குடிமதிப்புப்படி அந்நகரின் மக்கள் தொகை ஏறத்தாழ 29 இலட்சம். சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் இன்னும் பன்மடங்கு. தொகை பெரிதுதான். ஆனால் இம்மக்கள் எல்லோரும் அவ்வூரிலேயே ஆண்டு முழுவதும் வாழ்பவர்கள். ஒரு முறை வந்து பார்த்தவரே மறுமுறையும் மூன்றாம் முறையும் வந்தாலன்றி ஐந்து தளங்களும் நிறையமாட்டா. வெளியூர்ப் பயணிகளும் அந்நகருக்கு வருவதுண்டு. அவர்கள் வருவது வியாபாரத்துக்கும், உயர்ந்த கட்டடங்களையும் கலைக்கூடங்களையும் காண்பதற்குமே. டிஸ்னியின் பெயரை நாடுபவர்கள் சிகாகோவுக்கு வருவானேன்? அவர்கள் புளோரிடாவுக்கோ கலிபோர்னியாவுக்கோ போவார்கள்.

உள்ளூர்க் குடும்பத்தாருக்கு அந்நகரில் பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. 1868-ல் தொடங்கிய லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலையில் நுழைவுக் கட்டணமே கிடையாது. மிச்சிகன் ஏரியின் நெடிய கரை எல்லோருக்கும் பொதுவானது. 1995-ல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட நேவி பியர் என்னும் பழைய கப்பல் துறையில் கட்டணமின்றி உலாவலாம். விருப்பமிருந்தால் மட்டும் காசு கொடுத்துப் பெரிய இராட்டினத்தில் ஏறலாம். டிஸ்னிகுவெஸ்டோ முதலில் வாயிலில் பணம் கேட்டது.

காலத்தின் கணக்கும் இவ்வாறே. கடுங்குளிர் மாதங்களில் கூரையுள்ள இடத்துக்குக் கிராக்கி இருக்கும் என்பது சரியே. ஆனால் அம்மாதங்களில் குழந்தைகள் பள்ளியில் இருக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாட்கள் பகலில் அரங்கம் காலி. சனி ஞாயிறுகளில் நெரிசல். கோடையில் பள்ளி விடுமுறை வந்தால் ஏரிக்கரை அழைக்கிறது. மின்சாரம், சம்பளம், விலையுயர்ந்த நகரப் பகுதியில் இடத்துக்கான செலவு ஆகியவை ஏழு நாட்களும் பன்னிரண்டு மாதங்களும் ஒரே அளவில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் வரவு ஏழு நாள் செலவைத் தாங்க வேண்டுமானால் கட்டணத்தை உயர்த்த வேண்டும். கட்டணம் உயர்ந்தால் மறுமுறை வருபவர் குறைவர். இந்தச் சுழலில் அகப்பட்ட நிலையம் கரையேறுவது அரிது.

இயந்திரத்தின் முதுமை

நல்ல மரத்தால் செய்த கைத்தறி தலைமுறைகளைக் கடந்து நிற்கும். பழுதான உறுப்பை மாற்றினால் போதும். கணிப்பொறி இயந்திரமோ பழுதுபடாமலேயே முதுமை அடைந்துவிடும். நேற்று வியப்பூட்டிய படம், அதைவிடத் தெளிவான படத்தை ஒருவர் தம் வீட்டில் பார்த்த அன்றே பழையதாகிவிடுகிறது. இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்குப் பணம் கொடுக்க ஆள் இருக்காது.

சிகாகோவில் நிகழ்ந்தது இதுவே. அரங்கம் திறந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1999-ம் ஆண்டு செப்டம்பரில், செகா கம்பெனியின் ‘டிரீம்காஸ்ட்’ என்னும் வீட்டு விளையாட்டுக் கருவி அமெரிக்காவில் 199 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு அக்டோபரில் சோனி கம்பெனியின் ‘பிளேஸ்டேஷன் 2’ 299 டாலருக்கு வந்தது. முன்பு பெரிய இயந்திரங்களில் மட்டுமே கண்ட காட்சிகளைச் சிறுவர்கள் தம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிலேயே கண்டனர். வரிசையில் நிற்காமலும், மணிக்கணக்குப் பாராமலும் ஆடினர். லண்டனில் முதல் பிளேஸ்டேஷன் 1995-ம் ஆண்டு 299 பவுனுக்கு வந்தபோதே இதன் குறி தெரிந்துவிட்டது. நால்வர் கொண்ட குடும்பம் செகாவோர்ல்டுக்கு ஏழு முறை சென்றுவரும் பணம் 294 பவுன். ஏறத்தாழ அப்பணத்தில் கருவியே வீட்டுக்கு வந்துவிடும்.

தேய்மானம் எழுதுவதில் ஒரு பிழை இங்கே எளிதில் நேரக்கூடும். 100 ரூபாய் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 10 ரூபாய் தேய்மானம் என்று எழுதினால், மூன்றாம் ஆண்டு முடிவில் ஐந்தொகையில் 70 ரூபாய் சொத்து நிற்கும். ஆனால் அந்த இயந்திரத்தின் மீது மக்களுக்கிருந்த ஆசை மூன்றாண்டுகளிலேயே தீர்ந்துவிட்டால், அந்த 70 ரூபாய் ஏட்டில் மட்டுமே உள்ளது. இயந்திரத்தை மாற்றுவதற்குரிய பணத்தை வருவாயிலிருந்தே ஒதுக்கிவர வேண்டும். அவ்வாறு ஒதுக்கியபின் மிஞ்சுவதே உண்மையான இலாபம். ஐந்து தளங்களில் உள்ள கருவிகளை நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் செலவை எந்த நுழைவுக் கட்டணமும் எளிதில் தாங்காது.

ஆர்லாண்டோ அரங்கும் இதற்கு விலக்கன்று. 2000-ம் ஆண்டுக்குப் பின் அங்கே பெரிய மாற்றங்கள் அதிகம் செய்யப்படவில்லை. இயந்திரங்கள் பழையனவாகவே நின்றன. ஆற்று நீர் பாய்ந்துகொண்டிருந்தமையால் பத்தொன்பது ஆண்டுகள் தாங்கியது. முடிவில் அதுவும் மூடப்பட்டது. அவ்விடத்தில் கூடைப்பந்து ஆட்டத்தை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு கேளிக்கை அரங்கம் 2019-ம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பெருந்தொற்றின்போது மூடிய அது பின்னர் திறக்கப்படவே இல்லை.

அதே ஆண்டில் திறந்த வேறொன்று

இதனால் கூரையின் கீழ் கேளிக்கைப் பூங்கா என்பதே ஆகாத காரியம் என்று முடிவு கட்டுதல் தவறாகும். சிகாகோ அரங்கம் திறந்த அதே 1999-ம் ஆண்டில், செப்டம்பர் மாதத்தில், மெக்சிகோ நகரில் பின்னர் ‘கிட்ஸேனியா’ என்று பெயர் பெற்ற குழந்தைகள் நகரம் திறக்கப்பட்டது. சிறிய அளவில் அமைந்த வீதிகள், ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், ரொட்டிக்கடை, வங்கி முதலியவற்றில் குழந்தைகள் வேலை செய்து, அவ்விடத்துக்கென்றே உள்ள பணத்தைச் சம்பளமாகப் பெற்றுச் செலவு செய்கின்றனர். இதுவும் தாமே பங்கு கொண்டு ஆடும் அரங்கமே.

கணக்கில் உள்ள வேறுபாடுகளைக் காண்க. இங்கே வியப்பு இயந்திரத்தில் இல்லை. வேடத்திலும் வேலையிலும் உள்ளது. தீயணைப்போன் வேடம் ஐந்தாண்டுகளில் பழையதாகிவிடாது. ஒவ்வோர் ஆண்டும் அவ்வயதை அடையும் குழந்தைகளுக்கு அது புதியதே. அங்குள்ள கடைகளும் நிலையங்களும் உண்மைக் கம்பெனிகளின் பெயர்களைத் தாங்கியுள்ளன. அக்கம்பெனிகள் அதற்காகப் பணம் தருகின்றன. ஆகவே முழுச் சுமையும் வாயிற் சீட்டின்மேல் விழவில்லை. பள்ளிகளிலிருந்து ஆசிரியர்களே மாணவர்களை அழைத்து வருவதால், சிகாகோவில் காலியாகக் கிடந்த வார நாட்கள் இங்கே நிறைகின்றன. இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது. 2013-ம் ஆண்டில் மும்பை நகரிலும் ஒரு கிளை திறக்கப்பட்டது. எனினும் இதுவும் எங்கும் வெல்லும் மந்திரம் அன்று. லண்டனில் 2015-ல் திறந்த கிளை 2022-ல் மூடப்பட்டது. முறை நன்றாயிருந்தாலும் ஊர்தோறும் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

பிறர் கூறும் காரணங்கள்

சிகாகோ அரங்கின் முடிவுக்கு வேறு காரணம் கூறுவோரும் உளர். 2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ம் தேதி நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் பயணிகள் வருகை குறைந்தது உண்மை. ஆனால் அரங்கம் மூடப்பட்டது அதற்கு ஒரு வாரம் முன்பே. அவ்வாண்டு மார்ச் முதல் அந்நாட்டில் பொருளாதார மந்தம் நிலவியதும், அம்மாதத்திலேயே டிஸ்னி கம்பெனியார் 4,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்ததும் உண்மையே. மந்தம் வரும்போது கம்பெனிகள் எந்தக் கிளையை முதலில் வெட்டுகின்றன? தன் வேரில் தான் நிற்க இயலாத கிளையையே. மந்தம் நாளைக் குறித்திருக்கலாம். காரணம் திறப்பு விழாவன்றே உள்ளே இருந்தது.

பிலடெல்பியாவில் தொடங்கிய கட்டடம் மேலே எழும்பவே இல்லை. நகரின் முக்கியக் கடை வீதியான மார்க்கெட் வீதியில் அதற்கென ஒதுக்கிய இடம் நெடுங்காலம் மோட்டார் வண்டிகள் நிறுத்தும் இடமாகவே கிடந்தது. அந்நகரத்தார் அப்பள்ளத்தைக் கம்பெனியின் பெயராலேயே அழைத்துப் பரிகசித்தனர்.

டிஸ்னி கம்பெனியார் இந்நட்டத்தைத் தாங்கிக்கொண்டனர். மற்றப் பூங்காக்களின் வருவாயும் திரைப்படங்களின் வருவாயும் அவர்களுக்கு உண்டு. பங்குத் தொகையையும் கடனையும் கொண்டு நடைபெறும் சிறிய நிறுவனங்களுக்கு அவ்வசதி கிடையாது. அங்கே ஒரு பெரிய கட்டடம் தவறாகப் போனால், நூலுக்கும் விதைக்கும் உரத்துக்கும் கொடுக்கவேண்டிய பணம் சுவரில் புதைந்துவிடும். அதன் பாரம் கட்டடத்துக்குக் கையெழுத்திட்டவர்மேல் விழுவதில்லை. தறி நிறுத்தி உட்கார்ந்திருக்கும் அங்கத்தினர்மேல் விழுகிறது.

ஆதலின், விற்பனைக் கூடமாயினும், குளிர்பதனக் கிடங்காயினும், வேறு எதுவாயினும், பெரிய முதலீட்டுக்கான தீர்மானம் பொதுச்சபைக்கு வரும்போது அங்கத்தினர்கள் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்டல் வேண்டும். ஒரு நாளில் இது எவ்வளவு பேருக்கு, அல்லது எவ்வளவு சரக்குக்கு, இடம் தரும்? திறப்பு விழாக் கூட்டத்தை நீக்கிவிட்டால் மறுமுறையும் வரக்கூடியவர் யார்? பருவமில்லாத மாதங்களில் செலவை எது தாங்கும்? இதிலுள்ள இயந்திரம் கடன் தீருமுன் பழையதாகிவிடுமா? அவ்வாறாயின் புதியது வாங்கப் பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா? இவற்றுக்கு எண்களில் விடை வரவேண்டும். விடை வராவிட்டால் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பதில் தவறொன்றுமில்லை. ஒத்திவைத்த கட்டடத்துக்கு வட்டி கிடையாது.